சீட்டைக் கிழிக்கும் தேதி

2001 மே 11 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு முன் நடந்த வாதம் தலைகீழானது. ஒரு காப்பீட்டு நிறுவனம் எழுந்து, இந்த ஒவ்வாமை மாத்திரைகள் மிகவும் பாதுகாப்பானவை, டாக்டர் சீட்டே தேவையில்லை, சூப்பர் மார்க்கெட் அலமாரியில் வைத்து விற்கலாம் என்று வாதாடியது. மாத்திரையைத் தயாரித்த நிறுவனங்களோ, கூடவே கூடாது, டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றன. வாங்குபவர் சரக்கைப் புகழ, விற்பவர் அதை மறுத்துப் பேசுவதை வேறெந்தச் சந்தையில் பார்க்க முடியும்?

புகழ்ந்தவர் ராபர்ட் சைட்மன். கலிபோர்னியாவின் புளூ கிராஸை நடத்திவந்த வெல்பாயிண்ட் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் மருந்துப் பிரிவுத் தலைவர். 1998இல் அவர் ஒரு மனு போட்டார்: ஷெரிங்-பிளவ் நிறுவனத்தின் கிளாரிட்டின், ஃபைசரின் ஸிர்டெக், அவென்டிஸின் அலெக்ரா ஆகிய மூன்றையும் சீட்டு இல்லாத விற்பனைக்கு மாற்ற வேண்டும். அவர் சொன்ன காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் அமெரிக்கக் கடைகளில் சீட்டில்லாமல் கிடைத்துவந்தவை பெனட்ரில் போன்ற பழைய ஆண்டிஹிஸ்டமின்கள். போட்டால் கண் சொருகும். வண்டி ஓட்டுபவருக்கு ஆபத்து. தூக்கம் வராத புதிய மாத்திரைக்குச் சீட்டு வேண்டும், தூங்கவைக்கும் பழையதற்கு வேண்டாம். பக்கத்திலிருக்கும் கனடாவில் கிளாரிட்டின் ஏற்கெனவே சீட்டில்லாமல் விற்றுக்கொண்டிருந்தது.

சைட்மன் பொதுநலனுக்காக மட்டும் இதைச் செய்தார் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. சீட்டு மருந்துக்குக் காப்பீடு பணம் கட்டும். கடையில் நேராக வாங்குவதற்குக் கட்டாது. சீட்டு கிழிந்தால் அந்தச் செலவு வெல்பாயிண்ட் கணக்கிலிருந்து நோயாளியின் பைக்குப் போய்விடும். ஆக, அன்று இரு தரப்பும் பேசியது பாதுகாப்பின் மொழியை. இரு தரப்பும் மடியில் வைத்திருந்தது கணக்குப் புத்தகத்தை.

மருந்தைச் 'சீட்டு', 'சீட்டில்லை' என்று பிரிப்பது இயற்கை நியதி மாதிரி நமக்குத் தோன்றும். அமெரிக்காவில் அது 1951இல் வந்த சட்டம். டர்ஹம்-ஹம்ஃப்ரி திருத்தம் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் கார்ல் டர்ஹம், ஹூபர்ட் ஹம்ஃப்ரி இருவருமே மருந்தாளுநர்கள். பின்னாளில் அமெரிக்காவின் துணை அதிபரான ஹம்ஃப்ரி, தெற்கு டக்கோட்டாவில் அப்பாவின் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். அதற்கு முன்பு எதைச் சீட்டுக்கு விற்பது, எதை வெறுமனே விற்பது என்பதைப் பெரும்பாலும் தயாரிப்பாளரே தீர்மானித்தார். ஒரே மருந்தை ஒரு கம்பெனி சீட்டுக்கும் இன்னொரு கம்பெனி சீட்டில்லாமலும் விற்ற குழப்பம் இருந்தது. அதைத் தீர்த்த திருத்தம் இரண்டு விஷயங்களைச் செய்தது. ஒன்று, டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியாத மருந்துக்குத்தான் சீட்டு; மற்றவை மக்கள் தாமே வாங்கலாம். இரண்டு, ஒரே மருந்தை, ஒரே அளவில், ஒரே நோய்க்கு இரண்டு விதமாகவும் விற்கக்கூடாது. இந்த இரண்டாவது விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து அது ஒரு கம்பெனிக்கு ஆயுதமாகிறது.

குழு 19க்கு 4 என்று கிளாரிட்டினை விடுவிக்கச் சொன்னது. ஒன்றும் நடக்கவில்லை. குழுவின் கருத்து ஆலோசனை மட்டுமே. உரிமையாளர் கேட்காதபோது ஒரு மருந்தின் சீட்டைப் பறிக்க அரசு நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டா என்று நிறுவனங்கள் கேட்டன. ஒவ்வாமை என்று நினைத்து ஆஸ்துமாவைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்றும் எச்சரித்தன. அந்தப் பயத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கவும் முடியாது. இதே வகையின் முன்னோடியான செல்டேன் என்ற மாத்திரை, சில ஆண்டிபயாட்டிக்குகளோடும் பூஞ்சை மருந்துகளோடும் சேரும்போது இதயத் துடிப்பைக் குலைத்ததால் 1998இல்தான் சந்தையை விட்டு வெளியேறியிருந்தது. ஆனால் கிளாரிட்டினில் அந்தக் கோளாறு இல்லை என்பது ஷெரிங்-பிளவுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அவர்கள் பயந்தது எண்களுக்கு. கிளாரிட்டின் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் சம்பாதித்துக் கொடுத்தது. ஒரு மாத மாத்திரையின் விலை 80 டாலர் அளவில். நோயாளி கவுண்டரில் கட்டியதோ தன் பங்கான 10, 20 டாலர். மீதி காப்பீட்டின் பாடு. எழுதிக்கொடுக்கும் டாக்டருக்கு விலை தெரியாது, சாப்பிடுபவருக்கு விலை வலிக்காது, விலை வலிக்கும் காப்பீட்டுக்காரருக்குத் தேர்வு செய்யும் உரிமை இல்லை. விற்பவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்காது. இதன் மேல் 1997இல் டிவியில் சீட்டு மருந்து விளம்பரங்களுக்கான கெடுபிடியும் தளர்ந்தது. நீல வானத்தைக் காட்டிய கிளாரிட்டின் விளம்பரம் வீட்டுக்கு வீடு போனது. டாக்டரிடம் போய்ப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். டாக்டர் சீட்டு என்ற தடுப்பு, நடைமுறையில் காப்பீட்டுப் பணத்துக்கான திறவுகோலாக இருந்தது.

திறவுகோலுக்கும் ஒரு காலாவதி தேதி உண்டு. கிளாரிட்டினின் காப்புரிமை 2002 டிசம்பரில் முடிகிறது. அதைத் தள்ளிப்போட ஷெரிங்-பிளவ் செய்யாதது இல்லை. காப்புரிமைக் காலத்தை நீட்டிக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவர முயன்றது, நடக்கவில்லை. பிறகு நீதிமன்றம். அங்கே அது வைத்த வாதத்தை மருந்துச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் சிரித்தபடிதான் சொல்வார்கள். லோராட்டடின் என்ற கிளாரிட்டின் மூலப்பொருள் வயிற்றுக்குள் போனதும் உடல் அதை டெஸ்லோராட்டடின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. அந்த இரண்டாவது பொருளுக்குத் தனிக் காப்புரிமை, 2004 வரை, ஷெரிங்கிடம் இருந்தது. எனவே வேறொரு கம்பெனியின் மலிவு லோராட்டடினை ஒருவர் விழுங்கினால், அவருடைய உடம்பே காப்புரிமையை மீறுகிறது. அந்த மீறலுக்கு மலிவு மாத்திரை விற்ற கம்பெனி தூண்டுதலாகிறது. 2002 ஆகஸ்டில் நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. முதல் மருந்தை மக்கள் விழுங்கத் தொடங்கிய நாளிலிருந்தே இரண்டாவது பொருள் அவர்கள் உடம்பில் உருவாகிக்கொண்டுதான் இருந்தது, புதிதாகக் கண்டுபிடித்ததாக எப்படிச் சொல்வது என்பதே தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு வருவதற்கு முன்பே கம்பெனி அடுத்த காயை நகர்த்திவிட்டது. 2001 மேயில் சீட்டு கட்டாயம் வேண்டும் என்று வாதாடிய அதே ஷெரிங்-பிளவ், 2002 மார்ச்சில் தானே சீட்டில்லா விற்பனைக்கு அனுமதி கேட்கப்போவதாக அறிவித்தது. 2002 நவம்பர் 27 அன்று அனுமதி வந்தது. காப்புரிமை முடிய சில வாரங்களே பாக்கி.

அந்த மேயிலிருந்து மார்ச் வரையிலான பத்து மாதத்தில் மாத்திரை மாறவில்லை. அதே பத்து மில்லிகிராம். ஆஸ்துமாவைத் தவறவிடும் ஆபத்தும் மாறவில்லை. மாறியது நாள்காட்டி ஒன்றுதான்.

ஏன் இந்தத் திருப்பம் என்பதைப் புரிந்துகொள்ள 1951 சட்டத்தின் இரண்டாவது விதிக்குத் திரும்ப வேண்டும். காப்புரிமை முடியும் நாளுக்காக, அதே மருந்தை மலிவாகத் தயாரித்து விற்கும் ஜெனரிக் கம்பெனிகள் வரிசையில் நின்றன. அவை தயார்செய்திருந்தது சீட்டுக்கு விற்கும் லோராட்டடின். வழக்கமாக நடப்பது இது: காப்புரிமை முடிந்த மறுநாள், டாக்டர் பிராண்டு பெயரை எழுதினாலும் மருந்துக்கடைக்காரர் ஜெனரிக்கை எடுத்துக் கொடுப்பார், காப்பீடும் அதைத்தான் விரும்பும், சில மாதங்களிலேயே பிராண்டு காலியாகும். ஆனால் கிளாரிட்டின் முழுவதுமாகச் சீட்டில்லா மருந்தாகிவிட்டால், சீட்டு லோராட்டடின் என்று ஒன்று சட்டப்படி இருக்கவே முடியாது. ஒரே மருந்து இரண்டு விதமாக விற்கக்கூடாதே. ஜெனரிக்காரர் தோற்கடிக்க வந்த மைதானமே மூடப்பட்டுவிட்டது. இனிச் சண்டை சூப்பர் மார்க்கெட் அலமாரியில். அங்கே கடைக்காரர் மாற்றி எடுத்துக் கொடுக்க மாட்டார். வாங்குபவர் கை நீட்டி எடுப்பது, நீல வான விளம்பரத்தில் பல ஆண்டுகள் பார்த்த பெயரை.

இன்னொரு பக்கம் டாக்டரின் பேனாவையும் விட்டுவிடவில்லை. நீதிமன்றத்தில் பேசிய அந்த டெஸ்லோராட்டடினையே கிளாரினெக்ஸ் என்ற புது மாத்திரையாக்கி 2001 டிசம்பரில் அனுமதி வாங்கியாயிற்று. காப்பீடு உள்ளவர்களைப் புதிய சீட்டு மருந்துக்கு நகர்த்துவது, மற்றவர்களுக்குப் பழையதை அலமாரியில் வைப்பது என்பது திட்டம். பாதிதான் பலித்தது. கிளாரிட்டின் ஒரு நாளைக்கு ஒரு டாலர் அளவில் கடையில் கிடைக்கும்போது அதன் தம்பிக்கு ஏன் பெருந்தொகை கட்ட வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் கேட்டன. இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் நோயாளியின் பங்கை உயர்த்தின, சில பட்டியலிலிருந்தே நீக்கின. கடை அலமாரியிலும் கிளாரிட்டின் தனியாக இல்லை. இந்த மாற்றத்துக்காகப் புதிய ஆய்வு எதையும் கம்பெனி செய்யவில்லை என்பதால் சட்டம் தரும் தனியுரிமைக் காலம் அதற்குக் கிடைக்கவில்லை. அதே டிசம்பரிலேயே வையத் நிறுவனம் லோராட்டடினை அலவர்ட் என்ற பெயரில் இறக்கியது.

யாருக்கு லாபம்? காப்பீடு இல்லாதவருக்கு நிச்சயம் லாபம்: 80 டாலர் சரக்கு 30 டாலருக்கு வந்தது, டாக்டர் ஃபீஸும் மிச்சம். காப்பீடு உள்ளவரோ முன்பு தன் பங்காகக் கட்டியதைவிடக் கூடுதலாகக் கட்டினார். 'விலை குறைந்தது' என்று தலைப்புச் செய்தி வந்த அதே வாரத்தில் பலருடைய செலவு கூடியது. சைட்மனின் கம்பெனி கேட்டது கிடைத்தது, தாமதமாக.

கிளாரிட்டின் தற்காப்புக்காக ஆடிய ஆட்டம் என்றால், பிரைலோசெக் திட்டமிட்டு ஆடியது. நம் ஊரில் ஓமெப்ரசோல் என்று பலருக்கும் பரிச்சயமான அமிலக் குறைப்பு மாத்திரைதான். ஸ்வீடனின் அஸ்ட்ரா கண்டுபிடித்தது. முதலில் லோசெக் என்று பெயர்; சிறுநீர் பிரிய வைக்கும் லாசிக்ஸோடு சீட்டில் குழம்பியதால் அமெரிக்காவில் மட்டும் 1990இல் பிரைலோசெக் ஆனது. 2000ஆம் ஆண்டு வாக்கில் உலகிலேயே மிக அதிகம் விற்ற மருந்து அது. காப்புரிமை முடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பாகவே, 1997இல், சோப்பும் டயப்பரும் விற்கும் புராக்டர் அண்ட் கேம்பிளோடு சீட்டில்லா விற்பனைக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. ஆஸ்பத்திரியில் விற்கத் தெரிந்தவருக்கு அலமாரியில் விற்கத் தெரியாது என்ற தெளிவு அதில் இருக்கிறது. 2000இல் ஆலோசனைக் குழு மறுத்தது. 2003 ஜூனில் அனுமதி கிடைத்தது. இடையில் 2001 பிப்ரவரியில் அதே மூலக்கூறின் இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களில் ஒன்றான எசோமெப்ரசோலை நெக்ஸியம் என்ற பெயரில், சீட்டு மருந்தாக, ஊதா மாத்திரை என்று விளம்பரம் செய்து கொண்டுவந்துவிட்டார்கள்.

இங்கே சட்டத்தைக் கையாண்ட விதம் வேறு. மருந்தை முழுவதுமாகச் சீட்டிலிருந்து விடுவிக்கவில்லை. ஓமெப்ரசோலின் மக்னீசிய உப்பை எடுத்து, 'அடிக்கடி வரும் நெஞ்செரிச்சல்' என்ற ஒரே காரணத்துக்கு மட்டும் சீட்டில்லாமல் விற்க அனுமதி வாங்கினார்கள். குடற்புண் உள்ளிட்ட மற்றவற்றுக்குச் சீட்டு தொடர்ந்தது. புதிய ஆய்வுகள் செய்திருந்ததால் 1984ஆம் ஆண்டின் ஹாட்ச்-வாக்ஸ்மன் சட்டப்படி மூன்று ஆண்டுத் தனியுரிமை கிடைத்தது. சீட்டு ஓமெப்ரசோலில் ஜெனரிக் வந்துவிட்ட பிறகும், கடை அலமாரியில் மூன்று ஆண்டுகள் போட்டியில்லாத ஒற்றை ஆள். காப்புரிமை செத்த பிறகு சட்டம் கொடுத்த உபரி ஆயுள் இது.

அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த வியாபாரத்தின் மனம் புரியும். ஒரு நாளைக்கு ஒன்று, 14 நாட்கள். முழுப் பலன் தெரிய ஒன்று முதல் நான்கு நாட்கள் ஆகலாம். உடனடி நிவாரணத்துக்கு அல்ல. வாரத்தில் இரண்டு நாளோ அதற்கு மேலோ நெஞ்செரிச்சல் வருபவருக்கு மட்டும். ஒரு சுற்று முடிந்தால் நான்கு மாதத்துக்குள் அடுத்த சுற்று கூடாது, டாக்டர் சொன்னால் ஒழிய. எல்லாம் சரி. ஆனால் பெரிய பெட்டியில் 42 மாத்திரை. மூன்று சுற்று, லேபிளை அப்படியே கேட்டு நடப்பவருக்கு ஏறத்தாழ ஒரு வருடத்துச் சரக்கு. நெஞ்சு எரியும் இரவில், இன்னும் 28 மாத்திரை உள்ள பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, நான்கு மாதம் காத்திருப்பவர் எத்தனை பேர்? லேபிளில் ஒரு குரலும் பெட்டியின் அளவில் இன்னொரு குரலும் கேட்கின்றன. இந்த வகை மருந்தை அதிக அளவிலோ நீண்ட காலமோ எடுத்தால் எலும்பு முறிவு வாய்ப்பு கூடலாம் என்ற எச்சரிக்கை 2010இலும், ரத்தத்தில் மக்னீசியம் குறையலாம் என்பது 2011இலும் வந்தன.

இதைச் சொல்வதால் பாதுகாப்புச் சோதனையே நாடகம் என்று ஆகாது. எந்தத் தேதியில் விண்ணப்பிப்பது என்பது கம்பெனியின் கையில்; தேர்வில் தேறுவது அதன் கையில் இல்லை. தேர்வு மூன்று கட்டம். சாதாரண மக்களிடம் லேபிளைக் கொடுத்துப் புரிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு, இது எனக்கான மருந்தா என்று தாமாகச் சரியாக முடிவெடுக்கிறார்களா என்று பார்ப்பார்கள். கடைசியாக, கடை மாதிரி ஓர் இடம் அமைத்து, வாங்கி வீட்டுக்குப் போனவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று தொடர்வார்கள். இந்தத் தேர்வில்தான் கொலஸ்ட்ரால் மாத்திரைகள் விழுந்தன. மெர்க்கின் மெவாக்கோர் 2000, 2005, 2008 என்று மூன்று முறை கதவைத் தட்டித் திரும்பியது. ஃபைசரின் லிப்பிட்டார், ஒரு காலத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் விற்றது. 2011 நவம்பரில் காப்புரிமை முடிந்ததும் அதற்கும் அலமாரி யோசனை வந்தது. சுமார் 1,200 பேரிடம் சோதித்தார்கள். கொலஸ்ட்ரால் அளவைப் பரிசோதித்துப் பார்த்து, அதற்கேற்ப முடிவெடுக்கும் ஒழுங்கு போதுமான பேரிடம் இல்லை. 2015இல் கைவிட்டார்கள். நெஞ்செரிச்சல் வந்தால் தெரியும், போனால் தெரியும். கொலஸ்ட்ராலுக்கு வலி இல்லை.

தேதியைக் காப்புரிமைதான் எழுதுகிறது என்பதற்கு எதிர்ப்பக்கச் சாட்சியும் இருக்கிறது. நார்ஜெஸ்ட்ரெல் என்ற கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்காவில் 1973இல் அனுமதி. டாக்டர்கள் அமைப்புகளே நெடுங்காலமாகச் சீட்டில்லாத கருத்தடை மாத்திரையைக் கேட்டுவந்தன. சீட்டில்லாமல் விற்க அனுமதி கிடைத்தது 2023 ஜூலையில், ஓபில் என்ற பெயரில். நடுவில் ஐம்பது ஆண்டுகள். பழைய மருந்து, காப்பாற்ற வேண்டிய காப்புரிமை யாரிடமும் இல்லை, கோடிகள் செலவழித்து ஆய்வு நடத்திக் கதவைத் தட்ட யாருக்கும் அவசரம் இல்லை. ஒரு மருந்து அலமாரிக்கு வருவதற்குப் பாதுகாப்பு தேவை, ஆனால் பாதுகாப்பு மட்டும் அதை அங்கே கொண்டுவராது. யாராவது தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தச் சண்டை முழுவதும் விநோதமாகத் தோன்றலாம். இங்கே 1945ஆம் ஆண்டு விதிகளின் ஷெட்யூல் எச் பட்டியல் சீட்டு கேட்கிறது. மெடிக்கல் கடைக்காரர் கேட்பதில்லை. சீட்டில்லாமல் விற்பதற்கென்று தனியாக ஒரு சட்ட வகையே இந்தியாவில் உருவாக்கப்படவில்லை. கவுண்டரில் நின்று 'அசிடிட்டிக்கு ஒண்ணு குடுங்கண்ணே' என்றால் பட்டையை வெட்டிக் கொடுக்கிறார். கிழிக்கச் சீட்டே இல்லாத இடத்தில், சீட்டைக் கிழிக்கும் தேதிக்கு விலை ஏது?

அமெரிக்காவில் அந்தத் தேதிக்கான அடுத்த வழி திறந்துவிட்டது. அஸ்ட்ராஜெனகாவின் கிரெஸ்டார் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை, இணையத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தகுதி பெறுபவருக்கு மட்டும் விற்கும் முறையைச் சோதித்திருக்கிறார்கள். சுமார் 1,200 பேரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், மருந்து தமக்குப் பொருந்துமா என்பதில் டாக்டரின் தீர்ப்போடு ஒத்துப்போனார்கள். லேபிளோடு கூடுதலாக இப்படியொரு நிபந்தனை வைத்து விற்க இடம் தரும் விதியை மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் வெளியிட்டது. இந்த முறையில் அதே மருந்து சீட்டுக்கும் இருக்கலாம், சீட்டில்லாமலும் இருக்கலாம். 1951இன் இரண்டாவது விதிக்கு இப்படியாக ஒரு சந்து கிடைத்திருக்கிறது. கிரெஸ்டாரின் காப்புரிமை அமெரிக்காவில் 2016இலேயே முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிளாரிட்டின் என்ன ஆயிற்று என்றால், ஷெரிங்-பிளவை 2009இல் மெர்க் வாங்கியது. 2014இல் மெர்க் தன் கடைச்சரக்குப் பிரிவை ஜெர்மனியின் பேயருக்கு 1,420 கோடி டாலருக்கு விற்றது. வெயில் கிரீம், கால் பராமரிப்புச் சாமான்கள் எல்லாம் அதில் சேர்த்திதான். வெயில் கிரீமையும் கால் சாமான்களையும் 2019இல் பேயர் வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டது. கிளாரிட்டினை விற்கவில்லை.